"ஸ்லோவா இருக்கு சார்": இண்டெக்ஸ், பதிவுச் சேமிப்பு ஆகியவற்றால் வரும் தாமதத்தை அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழிமுறை

வேலூர் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள தங்கும் விடுதிகளிலும், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகளிலும், சில மருந்து மொத்த விற்பனைக் கடைகளிலும் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் மிகுதியானவை "ஸ்லோவா இருக்கு சார்" என்று தொடங்குகின்றன, அடுத்த கேள்வி பெரும்பாலும் "புது சர்வர் வாங்கிடலாமா?" என்பதாக இருக்கிறது. வாங்க வேண்டிய தேவை அரிதாகத்தான் வருகிறது. பத்துப் பதிவுகளைத் தருவதற்காகத் தரவுத்தளம் பல லட்சம் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருப்பதே பல இடங்களில் உண்மையான காரணம், அதைப் புதிய இயந்திரம் சில மாதங்களுக்கு மறைத்து வைக்குமே தவிரத் தீர்க்காது. இங்கே உள்ளவை மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களுக்குப் பொருந்தும்; மைஎஸ்கியூஎல்லில் அதன் இயல்புச் சேமிப்பு முறையான இன்னோடிபி அட்டவணைகளுக்கு.

## எதையும் தொடுவதற்கு முன்

முதலில் பேக்கப் எடுத்து, அது வேறோர் இயந்திரத்தில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்: தாமதமாகும் திரை தரவுத்தளத்துக்கு அனுப்பும் குவெரி (கேள்விக் கட்டளை) எத்தனை பதிவுகளைப் படித்தது, எத்தனை பதிவுகளைத் திருப்பித் தந்தது.

மைஎஸ்கியூஎல்லில் இதற்கு ஸ்லோ குவெரி லாக் இருக்கிறது. இயல்பில் அது அணைக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும் 10 விநாடிகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட குவெரிகளை மட்டுமே எழுதும் என்பதால், அந்த வரம்பை 1 விநாடிக்குக் குறைத்து ஒரு வேலை நாள் முழுவதும் ஓட விடுங்கள். ஒவ்வொரு குவெரிக்கும் மேலே, படித்த பதிவுகளும் அனுப்பிய பதிவுகளும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைக் குவெரிக்கு முன்னால் சேர்த்து ஓட்டினால், வடிகட்டியால் நீக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை தனி வரியாக வரும். இந்தக் கட்டளை குவெரியை உண்மையாகவே ஓட்டிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அழிக்கும் குவெரிக்கோ திருத்தும் குவெரிக்கோ இதைப் பயன்படுத்தினால், மாற்றங்களை ஒரே தொகுப்பாக வைக்கும் டிரான்சாக்‌ஷனைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, மாற்றங்களை ரத்துசெய்யும் ரோல்பேக்கைச் செய்துவிட வேண்டும்.

இரண்டு எண்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தால் அடுத்த பகுதியிலிருந்து தொடருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் தாமதம் இருந்தால், அறிக்கையைப் பற்றிய பகுதிக்கோ கடைசிப் பகுதிக்கோ நேராகச் செல்லலாம்.

## அறிகுறி: ஒரே ஒரு தேடல் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது

நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். மற்ற திரைகள் எல்லாம் உடனே திறக்கும். விடுதி வரவேற்பறையில் பழைய விருந்தினரின் தொலைபேசி எண்ணைப் போட்டுத் தேடும்போது மட்டும் திரை நின்றுவிடும். சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பம் பெட்டிகளோடு மேசை முன்னால் நிற்கும்போது, அந்த எட்டு விநாடிகள் எவ்வளவு நீளம் என்பது வரவேற்பறையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அந்தப் புலத்துக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) இண்டெக்ஸ், அதாவது மதிப்பை வைத்துப் பதிவை நேராகக் கண்டுபிடிக்க உதவும் வரிசைப் பட்டியல், இருக்கிறதா? குவெரி எந்த வழியில் ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் வகை என்ற இடத்தில் "ஆல்" என்றோ, போஸ்ட்கிரெஸில் "சீக் ஸ்கேன்" என்றோ வந்தால், அட்டவணை முழுவதும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்படுகிறது என்று பொருள். பதிவு ஒன்றுக்குச் சுமார் 190 பைட் என்று கொண்டால், இன்னோடிபி ஒரே அலகாகப் படிக்கும் 16 கிலோபைட் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 80 பதிவுகள் அமரும். எட்டு லட்சம் பதிவுகளுக்கு 10,000 பக்கங்கள் ஆகின்றன. ஓர் எண்ணைத் தேட அத்தனை பக்கங்களையும் படிப்பதற்குப் பதிலாக, இண்டெக்ஸ் இருந்தால் மூன்று நான்கு பக்கங்களில் வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் சேருங்கள். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக இண்டெக்ஸ் உருவாக்கும்போது, அது முடியும்வரை அந்த அட்டவணையில் யாரும் எழுத முடியாது; வேலை நேரத்தில் செய்வதானால் "கன்கரன்ட்லி" என்ற சொல்லைச் சேர்த்தே உருவாக்க வேண்டும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லையா? அப்படியானால் குவெரி எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். தொலைபேசி எண் எழுத்துப் புலமாகச் சேமிக்கப்பட்டிருக்க, குவெரியில் அதை மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாக ஒப்பிட்டால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பதிவிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்க முனைந்து இண்டெக்ஸைக் கைவிட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடையும் சரியாகவே வரும், அதனால்தான் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் இந்த ஒப்பீட்டை ஏற்காமல் பிழை காட்டிவிடும். இந்தக் கண்டிப்பு அதன் நல்ல குணம் என்றே நினைக்கிறேன்.

அதேபோல், வந்த தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைத்திருக்கும் புலத்தின் மீது தேதியை மட்டும் பிரிக்கும் ஃபங்ஷனைப் போட்டுத் தேடினால், அந்தப் புலத்தின் இண்டெக்ஸ் உதவாது. ஃபங்ஷனை நீக்கிவிட்டு, "இன்று நள்ளிரவு முதல் நாளை நள்ளிரவுக்கு முன்பு வரை" என்று வரம்பாக மாற்றி எழுதினால் போதும். ஒரு ரூபாய் செலவில்லாத திருத்தம் இது.

கடைசி நான்கு இலக்கங்களை வைத்துத் தேடுகிறார்களா? இதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்குகிறேன். ஏனென்றால் நம் ஊரில் எண்ணைச் சொல்வதே "கடைசி நாலு நம்பர் சொல்லுங்க" என்ற பழக்கத்தில்தான். முன்னால் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற குறியோடு தேடும் குவெரிக்குச் சாதாரண இண்டெக்ஸ் எந்த வகையிலும் பயன்படாது. "ன்" என்ற எழுத்தில் முடியும் பெயர்களை அகரவரிசைப் பட்டியலில் தேடுவது போன்றது அது. கடைசி நான்கு இலக்கங்களைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ஜெனரேட்டட் புலம் (வேறு புலத்திலிருந்து தானே கணக்கிடப்படும் புலம்) ஒன்றை உருவாக்கி அதன்மீது இண்டெக்ஸ் போடலாம். போஸ்ட்கிரெஸில் எண்ணின் வலப்பக்கத்து நான்கு எழுத்துகளைத் தரும் வெளிப்பாட்டின் மீதே இண்டெக்ஸ் போடலாம், ஆனால் குவெரியும் அதே வெளிப்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். வரவேற்பறையின் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட அட்டவணையை மாற்றுவது எளிது.

இரண்டு மூன்று புலங்களைச் சேர்த்த இண்டெக்ஸா? வரிசையைப் பாருங்கள். தோல் ஆலையில் லாட் எண், தேதி என்ற வரிசையில் ஓர் இண்டெக்ஸ் இருந்தால், லாட் எண்ணை வைத்துத் தேடும்போதும் இரண்டையும் சேர்த்துத் தேடும்போதும் அது உதவும். தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் உதவாது.

புலத்தில் எல்லோருக்கும் ஒரே மதிப்பா? மாவட்டம் என்ற புலத்தில் பத்தில் ஒன்பது பதிவுகள் "வேலூர்" என்றிருந்தால், அதற்கு இண்டெக்ஸ் போட்டு "வேலூர்" என்று தேடுவதில் பயனில்லை. தரவுத்தளம் அதை ஒதுக்கிவிட்டு அட்டவணையையே படிக்கும், அப்படிப் படிப்பதுதான் சரியும்கூட. தேதியை முன்வைத்து மாவட்டத்தையும் சேர்த்த இண்டெக்ஸ் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் படித்த எண்ணிக்கை குறையவில்லை என்றாலோ, குவெரியில் ஐந்தாறு அட்டவணைகள் இணைக்கப்பட்டிருந்தாலோ, எக்ஸ்பிளெயின் வெளியீட்டை அப்படியே கோப்பில் சேமித்துத் தரவுத்தள வல்லுநரிடம் கொடுங்கள். மூடிய மென்பொருளாக இருந்து குவெரியை மாற்றும் உரிமை உங்களிடம் இல்லையென்றால், அந்த வெளியீட்டோடு மென்பொருளை விற்றவரை அழையுங்கள்.

## அறிகுறி: மாத அறிக்கை முதல் முறை நிமிடக்கணக்கில் வருகிறது, மறுமுறை உடனே வந்துவிடுகிறது

முதல் முறை வட்டிலிருந்து வந்த பக்கங்கள் இரண்டாம் முறை நினைவகத்தில் தயாராக இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. எளியதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் நினைவக ஒதுக்கீடு. படித்த பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் இன்னோடிபியின் பஃபர் பூல் அளவு, போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ் அளவு இரண்டுமே இயல்பில் 128 மெகாபைட். 16 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் இந்த அமைப்பைத் தொடாமலே ஐந்தாண்டுகள் ஓட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். தரவுத்தளம் மட்டுமே ஓடும் இயந்திரமானால் இன்னோடிபிக்கு நினைவகத்தில் பாதி முதல் முக்கால் பங்குவரையிலும், போஸ்ட்கிரெஸுக்குக் கால் பங்கும் ஒதுக்கித் தொடங்கலாம். பில்லிங் மென்பொருளும் டேலியும் அதே இயந்திரத்தில் ஓடினால் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பதிவின் அகலம். தரவுத்தளம் பதிவைத் தனியாகப் படிப்பதில்லை, பக்கத்தையே படிக்கிறது. போஸ்ட்கிரெஸில் பக்கம் 8 கிலோபைட். ஒரு விடுதியின் விருந்தினர் அட்டவணையில் "குறிப்பு" என்ற புலத்தில் முகவரி, உடன் வந்தவர்களின் பெயர்கள், மருத்துவமனைக் கோப்பு விவரம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைத்திருந்தார்கள். பதிவு ஒன்று 1,500 பைட் வரை போயிருந்தது. 190 பைட் பதிவுகள் 80 அமர வேண்டிய 16 கிலோபைட் இன்னோடிபி பக்கத்தில் பத்துதான் அமர்ந்தன; அதே அறிக்கைக்கு எட்டு மடங்கு பக்கங்கள் படிக்கப்பட்டன. அந்தப் புலத்தை விருந்தினர் எண்ணோடு தனி அட்டவணைக்கு மாற்றியதும் அறிக்கை சில விநாடிகளில் வந்தது.

ஆதார் அட்டையின் படத்தையே அட்டவணைக்குள் வைத்திருந்தால் நிலைமை சற்று வேறு. போஸ்ட்கிரெஸ் பதிவு சுமார் 2 கிலோபைட்டைத் தாண்டும்போது பெரிய மதிப்புகளைச் சுருக்கியோ, பிரித்துத் தனி இடத்தில் வைத்தோ சமாளிக்கும். இன்னோடிபியின் இன்றைய இயல்பு வடிவம் பெரிய மதிப்பை வேறு பக்கங்களில் வைத்துவிட்டு, பதிவில் 20 பைட் சுட்டியை மட்டும் வைக்கும். ஆகவே படம் இருப்பதனால் மட்டும் அறிக்கை தாமதமாகாது. அறிக்கைக் குவெரி எல்லாப் புலங்களையும் கேட்டால்தான், அந்தப் படங்கள் அத்தனையும் ஒவ்வொன்றாக எடுத்து வரப்படும். எல்லாப் புலங்களையும் கேட்கும் நட்சத்திரக் குறியை (*) நீக்கிவிட்டுத் தேவையான புலங்களின் பெயர்களை எழுதுங்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்த சி படிவப் பட்டியல் ஓரிடத்தில் நாள்தோறும் தாமதமானதற்கு இந்த ஒரே குறிதான் காரணம்.

அறிக்கைக்கு மூன்று நான்கு சிறிய புலங்கள் மட்டுமே போதுமென்றால், அவை அனைத்தையும் இண்டெக்ஸுக்குள்ளேயே சேர்த்துவிடலாம். அப்போது அட்டவணையைத் தொட வேண்டிய வேலையே பெரும்பாலும் இருக்காது. இவ்வளவுக்கும் பிறகு தரவு நினைவகத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் மட்டும், கூடுதல் நினைவகத்துக்கோ எஸ்எஸ்டிக்கோ விலை கேளுங்கள்.

## அறிகுறி: தேடல் வேகமாக இருக்கிறது, புதிய பதிவு சேர்ப்பதுதான் இழுக்கிறது

முதலில் இண்டெக்ஸ்களை எண்ணிப் பாருங்கள். தேடல் தாமதமான ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஓர் இண்டெக்ஸைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். பதினான்கு இண்டெக்ஸ் உள்ள அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்த்தால் பதினைந்து இடங்களில் எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இண்டெக்ஸும் எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கும், மைஎஸ்கியூஎல்லின் சிஸ் தொகுப்பில் பயன்படாத இண்டெக்ஸ்களின் பட்டியலும் கிடைக்கும். ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது மட்டும் தேவைப்படும் இண்டெக்ஸ் அந்தப் பட்டியலில் வந்துவிடக்கூடும் என்பதால் உடனே அழிக்க வேண்டாம். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் ஓர் இண்டெக்ஸைத் தற்காலிகமாக மறைத்து வைக்க முடியும். மறைத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.

பதிவுகளை மொத்தமாக ஏற்றும்போது மட்டும் தாமதமா? ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாகக் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்து முடிப்பது) செய்யப்படுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கமிட்டும் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 முறைதான் சுழல்கிறது. ஆயிரம் பதிவுகளை ஒரே டிரான்சாக்‌ஷனில் சேர்த்தால் அந்தக் காத்திருப்பு ஆயிரத்திலிருந்து ஒன்றாகிவிடும். வேகத்துக்காக, கமிட் வட்டில் எழுதப்படும் பாதுகாப்பு அமைப்பையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. மின்வெட்டு வரும் ஊரில் பணக்கணக்கு வைத்திருப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது.

முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலம், 36 எழுத்துள்ள யூயூஐடியாக (திரும்ப வராதபடி உருவாக்கப்படும் அடையாளக் குறியாக) எழுத்துப் புலத்தில் இருக்கிறதா? இன்னோடிபி பதிவுகளை முதன்மைச் சாவியின் வரிசையிலேயே அடுக்குகிறது. ஏறுமுக எண்ணாக இருந்தால் புதிய பதிவு கடைசிப் பக்கத்தில் போய்ச் சேரும். தற்செயலாகப் பிறக்கும் யூயூஐடி எங்கோ நடுப்பக்கத்தில் நுழைந்து, இடமில்லாதபோது அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிளக்கும். மற்ற இண்டெக்ஸ் ஒவ்வொன்றும் இந்தச் சாவியையும் சுமப்பதால், 8 பைட்டில் முடிய வேண்டியது ஒவ்வொன்றிலும் 36 பைட் ஆகிறது. நேர வரிசையில் பிறக்கும் யூயூஐடி ஏழாம் பதிப்பு 2024-இல் தரநிலையாகிவிட்டது. புதிய அட்டவணைக்கு அதை 16 பைட் இருமப் புலமாக வைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையின் முதன்மைச் சாவியை மாற்றுவது நீங்களே செய்யும் வேலையல்ல. வல்லுநரை அழையுங்கள்.

சேர்ப்பது சரியாக இருந்து அழிப்பது மட்டும் இழுத்தால், போஸ்ட்கிரெஸில், வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் அயல்சாவிப் புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லாமல் இருக்கும். இன்னோடிபி அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் உருவாக்காது.

## அறிகுறி: நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று திடீரென்று மெதுவாகிவிட்டது

"நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஒன்றும் செய்யவில்லை" என்ற பதிலுக்குப் பின், பத்து நிமிடப் பேச்சில் ஒரு மொத்தத் திருத்தம் வெளியே வரும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் உருவானபோது, முகவரிகளில் மாவட்டப் பெயரை எழுத்தாகவே வைத்திருந்த அட்டவணைகள் பல இடங்களில் ஒரே இரவில் திருத்தப்பட்டன. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். "வேலூர்" என்பதில் ஆறு குறியீடுகள், ஆகவே 18 பைட். "ராணிப்பேட்டை" என்பதில் பன்னிரண்டு, ஆகவே 36 பைட். வரிசையாகச் சேர்க்கப்பட்ட பக்கத்தில் இன்னோடிபி பதினாறில் ஒரு பங்கை, அதாவது 1,024 பைட்டை, வெற்றிடமாக விட்டு வைக்கும். ஒரு பக்கத்திலுள்ள 80 பதிவுகளும் 18 பைட் நீண்டால் 1,440 பைட் தேவை. இடம் போதாது, பக்கம் பிளக்கும். வாலாஜா, ஆற்காடு முகவரிகள் நிறைந்த பக்கங்கள் எல்லாம் இப்படிப் பிளந்தன. மாவட்டத்துக்குத் தனி அட்டவணை வைத்து, முகவரியில் 2 பைட் குறியீட்டை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

போஸ்ட்கிரெஸில் நீளம் மாறினாலும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு திருத்தமும் பதிவின் புதிய பிரதியை எழுதும். பழைய பிரதி, வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து இடத்தை மீட்கும்வரை பக்கத்தில் கிடக்கும். தானியங்கி வேக்யூம், அட்டவணையில் ஐந்தில் ஒரு பங்கும் ஐம்பது பதிவுகளும் மாறிய பிறகே இயல்பில் கிளம்பும். ஆகவே சரிபார்ப்பு இந்த வரிசையில் இருக்கட்டும்: முதலில் (எக்ஸ்பிளெயின் சேர்க்காமல்) அனலைஸ் கட்டளையை ஓட்டி, குவெரியின் வழியைத் தேர்ந்தெடுக்கத் தரவுத்தளம் பயன்படுத்தும் புள்ளிவிவரத்தைப் புதுப்பியுங்கள், பல நேரங்களில் இதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் இறந்த பிரதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது மிகுந்திருந்தால் சாதாரண வேக்யூமை ஓட்டுங்கள். ஓட்டியும் எண்ணிக்கை குறையவில்லையென்றால், எங்கோ ஒரு டிரான்சாக்‌ஷன் திறந்தே இருக்கிறது. மதியம் திரையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரின் இணைப்பாகக்கூட இருக்கலாம். நடப்பு இணைப்புகளின் பட்டியலில் "ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" என்று நிற்பதைக் கண்டுபிடித்து முடித்துவையுங்கள்.

தோல் ஆலைகளில் இது மெல்ல மெல்ல நடக்கும். ஒரே லாட்டின் நிலை வெட் ப்ளூ, கிரஸ்ட், ஃபினிஷ் என்று பதனிடும் கட்டத்துக்கேற்ப நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும். நிலைப் புலத்துக்கு இண்டெக்ஸ் இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அட்டவணையின் எல்லா இண்டெக்ஸ்களிலும் புதிய உள்ளீடு எழுதப்படும். இண்டெக்ஸ் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், எந்த இண்டெக்ஸையும் தொடாமல் போஸ்ட்கிரெஸ் திருத்தத்தை முடித்துவிடும். நிலைக்கான இண்டெக்ஸ் உண்மையில் தேவையா என்று பாருங்கள். அட்டவணையின் ஃபில்ஃபாக்டரை, அதாவது பக்கத்தை நிரப்பும் விழுக்காட்டை, 100-இலிருந்து 90-க்குக் குறைத்தால், இனி எழுதப்படும் பக்கங்களில் திருத்தத்துக்கு இடம் இருக்கும்.

வேக்யூம் ஃபுல் கட்டளையை மட்டும் வேலை நேரத்தில் தொடாதீர்கள். அது அட்டவணையை முழுதாகப் பூட்டிவிட்டு, மறுபிரதி எழுத வட்டில் கூடுதல் இடமும் கேட்கும். பெரிய அட்டவணைக்கு அது தேவை என்று தோன்றினால், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வல்லுநரை அழையுங்கள்.

## அறிகுறி: பழைய பக்கங்களுக்குப் போகப் போக மெதுவாகிறது

பட்டியலின் முதல் பக்கம் உடனே வந்து, ஐந்நூறாவது பக்கம் இழுத்தால், குவெரியில் ஆஃப்செட் இருக்கிறது. பத்தாயிரம் பதிவுகளைத் தாண்டச் சொன்னால், தரவுத்தளம் அந்தப் பத்தாயிரத்தையும் படித்துவிட்டுத்தான் தாண்டும். முந்தைய பக்கத்தின் கடைசி எண்ணை வைத்து "இதற்குக் குறைவான இருபது" என்று கேட்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி: எல்லாத் திரைகளும், எல்லோருக்கும், ஒரே நேரத்தில் மெதுவாக

இங்கே இண்டெக்ஸைத் தேடிப் பயனில்லை. வட்டில் இடம் தீர்ந்துவிட்டதா, பேக்கப் நண்பகலில் ஓடுகிறதா, ஆன்டிவைரஸ் தரவுத்தளக் கோப்புகளை ஸ்கேன் செய்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்த பின் சரியான இடங்கள் உண்டு. பிறகு நடப்பு இணைப்புகளின் பட்டியலில் ஒருவருக்காக மற்றவர்கள் பூட்டில் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் மதியத்துக்கு மேல் மெதுவாகிறதா? சர்வர் இருக்கும் இடத்துக்குப் போய்க் கையை வைத்துப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, காற்றோட்டமில்லாத மர அலமாரியில், தோல்தூசி படிந்த விசிறியோடு ஓடும் இயந்திரத்தில் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்து, திறந்த இடத்துக்கு மாற்றி, இரண்டு நாள் பாருங்கள்.

கடைசியாக, இயங்குதளத்தின் பதிவேட்டில் வட்டு படிப்புப் பிழைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ரிப்பேர் கட்டளையோ, இண்டெக்ஸ் மறுஉருவாக்கமோ, வேக்யூமோ எதையும் ஓட்டாதீர்கள். பழுதான வட்டில் அவை ஒவ்வொன்றும் மிச்சமிருப்பதையும் கெடுக்கக்கூடும். பயனாளர்களை வெளியேற்றி, தரவுத்தளச் சேவையை முறைப்படி நிறுத்தி, கடைசியாகச் சரிபார்த்த பேக்கப்பின் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரை உடனே அழையுங்கள். அவர் வரும்வரை புதிய வரவுகளைப் பதிவேட்டில் கையால் எழுதச் சொல்லுங்கள்.